தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி: நோயா, மாத்திரையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மந்தம், மறதி, விடியாத தூக்கக் கலக்கம். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதல் பதில் நீண்டுவிட்டது. சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. நான்கு வருடங்களாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை. முதலில் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். கை நடுங்கியது, உடம்பு விறைத்தது. பிறகு ஓலான்சபைனுக்கு மாற்றினார்கள். இப்போது இரவில் ஓலான்சபைன் 15 மில்லிகிராம், குளோனசெபாம் 1 மில்லிகிராம். ட்ரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம் காலையும் இரவும். குரல்கள் கேட்பது நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தவன், இன்று ஒரு பக்கத்தை நாலு முறை படிக்கிறான். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிறான். காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை. "தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும்மா" என்கிறான். அவன் மூளை மழுங்கிவிட்டதா? மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்திப் பார்க்க வேண்டாம். 2012-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 100-க்கு 27 பேருக்கு. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 பேருக்கு. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் படிப்பு, வேலை, நட்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு வருட அமைதியை அவன் சும்மா பெறவில்லை.

சரி, இப்போது மூளை மழுங்கிவிட்டதா என்ற கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், அந்த முடிவுக்கு வர எந்தக் காரணமும் இல்லை. அவனுடைய மந்தத்தில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. நோய், நோயை அடக்கும் மருந்து, துணைக்கு வந்து தங்கிவிட்ட மாத்திரைகள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நோய் அப்படித்தான்' என்று சொல்லிவிடுவதும் தவறு, 'எல்லாம் மாத்திரை செய்த வேலை' என்பதும் தவறு.

நோயின் பங்கு உண்மையானது. இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசைன் 1952-ல்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1890-களில், ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் இந்த நோயாளிகளின் கவனம் நிலைகொள்ளாமல் போவதை எழுதி வைத்திருக்கிறார். மாத்திரையே இல்லாத காலம் அது. இன்றும், ஒரு மாத்திரைகூடப் போடுவதற்கு முன் பரிசோதித்தாலே, பலருக்கு யோசிக்கும் வேகம், கவனம், கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளும் திறன் ஆகியவை சராசரியை விடக் குறைந்திருப்பது தெரிகிறது. ஆனால் கிரேப்லின் நினைத்ததுபோல எல்லோருக்கும் அறிவு தேய்ந்துகொண்டே போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குறை ஓர் அளவில் நின்றுவிடுகிறது.

ஓலான்சபைனின் பங்கு இரண்டு பக்கமும் வெட்டும். மனதுக்குள் ஓடும் இரைச்சலை அடக்கிக் கவனத்துக்கு இடம் உண்டாக்குகிறது. அதே மருந்து மூளையில் ஹிஸ்டமினையும் தடுக்கிறது. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருட்களில் ஹிஸ்டமின் ஒன்று. சளிக்குக் கொடுக்கும் சில பழைய மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பதும் இதே வழியில்தான்.

என்னைக் கவலைப்படவைத்தது மற்ற இரண்டு மாத்திரைகள். அதிலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி. 'புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிறான்.' 27 வயதுப் பிள்ளை ஏன் அப்படிப் படிக்க வேண்டும்? நாற்பதைத் தாண்டியவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற மாத்திரை அசிடைல்கோலின் என்ற பொருளைத் தடுக்கிறது. நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது நல்ல மருந்து. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்று மனதில் பதிய வைக்க மூளைக்கு அதே அசிடைல்கோலின் தேவை. கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை சுருங்கிக் கிட்டத்தில் இருக்கும் எழுத்தைத் தெளிவாக்குவதற்கும் அதுதான் தேவை. அது தடைபட்டால் எழுத்து கலங்கும், படித்தது நிற்காது. இரண்டும் சேர்ந்து வருவதால் வெளியே பார்க்கிறவர்களுக்கு 'மூளை வேலை செய்யவில்லை' என்று மட்டும் தோன்றும். வாய் வறண்டுபோகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் அவனிடம் கேளுங்கள். ஆம் என்றால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. ஓலான்சபைனுக்கும் கொஞ்சம் இதே குணம் உண்டு. ஆக ஒன்றின் மேல் ஒன்று.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் அண்ணனுக்கு இந்த நோய் இருந்தது. ரேடியோ பழுது பார்ப்பார். ஒரு பெட்டியைப் பிரித்தால் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் அடுக்கி வைப்பார். திரும்பப் பூட்டும்போது கை தானாகப் போகும். சிகிச்சை தொடங்கிய பிறகு ஒரு நாள் அதே மாதிரி அடுக்கிவிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பற்றவைக்கும் கம்பியை ஒரு விரற்கடை தள்ளி வைத்துச் சுட்டுக்கொண்டார். நான் அப்போது மருத்துவ மாணவி. நோய் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்து அழுதேன். எழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நாளைக்கு மூன்று முறை இதே ட்ரைஹெக்சிஃபெனிடில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்த ஒரு மருத்துவர் அதை மெல்லக் குறைத்தார். சில வாரங்களில் அண்ணன் மறுபடி பற்றவைக்கத் தொடங்கினார். பழைய வேகம் முழுதாக வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெட்டி பூட்டப்பட்டது, பாடியது.

உங்கள் மகனுக்கு இந்த மாத்திரை எதற்காக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹாலோபெரிடால் கொடுத்த நடுக்கத்துக்கு. ஹாலோபெரிடால் போய்விட்டது. நடுக்கத்துக்கு வந்தது மட்டும் சீட்டிலிருந்து சீட்டுக்கு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஓலான்சபைனில் அந்த நடுக்கம் மிகக் குறைவு. இந்த வகை மாத்திரைகளை முன்ஜாக்கிரதையாக எல்லோருக்கும் தொடர்ந்து கொடுத்துவர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஒன்று 1990-லேயே சொன்னது.

அடுத்து குளோனசெபாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஆரம்பத்தில் கொடுத்திருப்பார்கள். நோய் கொந்தளிக்கும் நாட்களில் அது பெரிய உதவி. இந்தக் குடும்பத்து மருந்துகள் பழைய நினைவை அழிப்பதில்லை, புதியது பதிவதைத்தான் தடுக்கின்றன. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது மிடசோலம் என்ற ஊசி போடுவார்கள். நோயாளி கண்ணைத் திறப்பார், பேசுவார், சொன்னபடி திரும்பிப் படுப்பார். வெளியே வந்ததும் "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார். அந்த மிடசோலத்தின் உறவுக்காரர்தான் குளோனசெபாம். அளவும் வேகமும் வேறு, செய்யும் வேலை ஒன்று. அது உடலில் பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேற்று போட்டது முழுதாகப் போகாமலே இன்றையது சேர்கிறது. தினமும் போட்டால் சில வாரங்களில் தூக்கக் கலக்கம் பழகிப்போய்விடும். நினைவில் செய்யும் குறும்பு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டையும் இன்று இரவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா. குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முற்றிலும் போகும், பதற்றம் ஏறும், வலிப்புகூட வரலாம். அந்தப் பதற்றத்தைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று மருந்தைக் கூட்டி விடுவார்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ட்ரைஹெக்சிஃபெனிடிலையும் சட்டென்று நிறுத்தினால் குமட்டல், அமைதியின்மை வரும். ஒரு நேரத்தில் ஒரு மாத்திரை, சிறு சிறு படிகளாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். காலை 9, மதியம் 1, மாலை 6. மூன்று வேளையும் அவனே பத்துக்கு ஒரு மதிப்பெண் போடட்டும், எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று. அப்புறம் ஒரு சிறு பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதைச் சொல்லட்டும். எத்தனை விஷயம் சொன்னான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், பரீட்சை மாதிரி நடத்த வேண்டாம். ஒரு நாள் பெரிய எழுத்திலும் ஒரு நாள் சிறிய எழுத்திலும் படிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் நன்றாகச் சொல்கிறான் என்றால் கண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. காலையில் மோசம், மாலையில் பரவாயில்லை என்றால் இரவு மாத்திரையைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் மாத்திரை குற்றமற்றது என்று ஆகிவிடாது. குளோனசெபாமும் ஓலான்சபைனும் நீண்ட நேரம் தங்குகிறவை என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த நோட்டோடு போய் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், இந்த ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக ஆரம்பித்தது? அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா?" சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார். ஓலான்சபைனின் அளவைப் பற்றிய பேச்சு அதற்கெல்லாம் பிறகு, கடைசியாக.

இன்னொன்று. அவன் "பஞ்சு அடைத்த மாதிரி" என்று சொன்னானே, அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் வைத்திருக்கும் வார்த்தைகளை விட அது துல்லியமானது.

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு மருந்துகள் பலிக்காமல் க்ளோசபின் ஆரம்பித்தார்கள். காலை 150, இரவு 250 மில்லிகிராம். வாழ்க்கையே திரும்பக் கிடைத்தது. கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. ஆனால் மதியம் வரை மூளை ஓடாது. மூன்று இலக்க எண்ணைப் பார்த்து எழுதுவதற்குள் நடு எண் மறந்துவிடுகிறது. மதியத்துக்குப் பிறகு நன்றாகச் செய்கிறேன். நான் சோம்பேறி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பதில்: தம்பி, சோம்பேறித்தனத்துக்கு மணி பார்க்கத் தெரியாது. மதியம் வரை ஓடாமல் பிறகு ஓடும் மூளையைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. நடு எண் மறந்துபோவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களே, அதுவே எனக்குப் போதும். உங்கள் கவனம் உயிரோடு இருக்கிறது.

க்ளோசபின் மனச்சிதைவு மருந்துகளிலேயே அதிகம் தூங்கவைப்பவற்றில் ஒன்று. உங்களுக்கு அதன் ஒரு பங்கு வேலைக்குப் போகிற நேரத்தில் உள்ளே போகிறது. பலருக்குப் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றிவிட முடிகிறது. உங்களுக்கும் முடியுமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரே வேளையில் அதிகம் போனால் எழுந்திருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், அதைப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். இரவு மாத்திரையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போடுவதும் சிலருக்குக் காலையைத் தெளிவாக்குகிறது.

ரத்தத்தில் க்ளோசபின் அளவு பார்க்க முடியும் என்றால் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 350 நானோகிராம் அளவில் பலருக்குப் பலன் கிடைக்கிறது. அதற்கு வெகு மேலே நிற்கிறது என்றால், நோய் அடங்கியிருக்கும்போதே கொஞ்சம் குறைக்க இடம் இருக்கலாம். தூக்கத்தை விரட்ட நாள் முழுக்கக் காபி குடிக்கிறீர்களா? காபியில் உள்ள காஃபீன் க்ளோசபினை உடல் வெளியேற்றுவதைத் தாமதமாக்கும். தூக்கத்தை விரட்டப் போய்த் தூக்க மருந்தையே கூட்டிக்கொள்கிற நிலை வரும்.

குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். இந்த மருந்தில் எடை கூடும். எடை கூடினால் தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து வரும் கோளாறு வரலாம். அப்படி என்றால் பத்து மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாக ஆகாது. அந்தக் களைப்புக்கு மாத்திரையைக் குறைத்துப் பயனில்லை, மூச்சுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. மலச்சிக்கலை வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள், க்ளோசபினில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்புறம், இரண்டு நாள், அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே போடக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அதுவரை, முடிந்தால் எண்களோடு போராடும் வேலையை மதியத்துக்குத் தள்ளுங்கள். காலைக்குக் கோப்புகளை அடுக்குவது, கடிதம் பிரிப்பது. உங்களைச் சோம்பேறி என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

கேள்வி: என் தம்பி பல வருடமாக ஓலான்சபைன் சாப்பிடுகிறான். ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடித்தவன், மூன்று வாரம் முன்பு அடியோடு விட்டுவிட்டான். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இப்போது பதினான்கு மணி நேரம் தூங்குகிறான். கேள்வி கேட்டால் பதில் வரவே நேரமாகிறது. நோய் முற்றுகிறதா?

பதில்: தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், முப்பதை விடுவது சாதாரண விஷயம் இல்லை. அனேகமாக நோய் முற்றவில்லை, மருந்துதான் கூடியிருக்கிறது. மாத்திரை அட்டையில் எண் மாறவில்லை, ரத்தத்தில் மாறிவிட்டது. புகையிலைப் புகையில் உள்ள தாரைப் போன்ற பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். அந்த நொதிதான் ஓலான்சபைனையும் க்ளோசபினையும் கரைக்கிறது. புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் நொதி அடங்குகிறது, அதே மாத்திரை ரத்தத்தில் அதிகம் தேங்குகிறது. இதைச் செய்வது நிக்கோடின் இல்லை, புகை. அதனால் நிக்கோடின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இது நடக்கும். மருத்துவமனையில் சேர்ந்து புகைக்க முடியாமல் போகிறவர்களுக்கும் இதேதான்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், சிகரெட்டை விட்ட தேதியைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். தூக்கம் போக மறுபடி ஒரு சிகரெட் பிடிக்கலாமா என்று அவன் கேட்டால், வேண்டாம், மாத்திரையைச் சரிசெய்யலாம் என்று சொல்லுங்கள். பிற்பாடு எப்போதாவது மீண்டும் பிடிக்கத் தொடங்கினால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அப்போது மருந்து போதாமல் போகும்.

கேள்வி: மனச்சிதைவு நோயாளிகளின் ஞாபக சக்தியைக் கூட்ட மாத்திரை ஏதாவது உண்டா?

பதில்: நம்பிச் சொல்லக்கூடிய மாத்திரை இன்றுவரை இல்லை. பல மருந்துகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், எதுவும் நிலைத்து நிற்கவில்லை. பலன் தருபவை இரண்டு. ஒன்று, கவனத்தையும் நினைவையும் படிப்படியாகப் பழக்கும் அறிதிறன் பயிற்சி. அது வேலையோடும் அன்றாடக் காரியங்களோடும் சேர்த்துச் செய்யப்படும்போது கூடுதல் பலன். இரண்டாவது, மூச்சு வாங்கும் அளவுக்கு வேக நடை மாதிரியான உடற்பயிற்சி. இரண்டுக்கும் முன்னால் தேவையில்லாத தூக்க மாத்திரை சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் கல்லைக் கட்டிவிட்டு ஓடக் கற்றுக்கொடுக்க முடியாது.

கேள்வி: என் கணவர் ரிஸ்பெரிடோனோடு இரவு 10 மணிக்கு லோரசெபாம் 2 மில்லிகிராம் போடுகிறார். காலை 8 மணிக்கு வண்டி எடுக்கிறார். "எனக்குத் தூக்கமே வரவில்லை, தெளிவாக இருக்கிறேன்" என்கிறார். ஓட்ட விடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லோரசெபாமும் குளோனசெபாமின் குடும்பம்தான், உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்கு அதில் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, தூக்கம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிரேக் பிடிக்க எடுக்கும் நேரம் நீண்டிருப்பதை அவரால் உள்ளிருந்து உணர முடியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "காலையில் வண்டி ஓட்டுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், நிறையப் பேர் அதைச் சொல்வதே இல்லை. ரிஸ்பெரிடோன் நோயை அடக்கும் மருந்து, அது அப்படியே தொடரட்டும். லோரசெபாம் இன்னும் தேவையா, குறைக்கலாமா என்று மருத்துவர் முடிவு சொல்லும் வரை நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் உட்காரட்டும்.